நுன்சியாத்தாவின் கைவலி வழக்கு

டிராம் கட்டணம் உயர்ந்த அதே வாரத்தில்தான் கோபர்க் என்ற புறநகரில் நுன்சியாத்தாவின் வீட்டு ஈரத்துணிகள் தாமாகவே கொடியேறத் தொடங்கின. தெருவில் டிராம் கட்டணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். துணி விஷயத்தை முதலில் கண்டவர் பின்வீட்டு மால்ட்டாக்காரர். அவர் வேலிக்கு மேல் தலையை நீட்டியபோது, ஒரு படுக்கை விரிப்பு கூடையிலிருந்து எழுந்து, தன்னை ஒரு உதறு உதறிக்கொண்டு, கொல்லையில் விரித்த குடைபோல நின்ற சுழல்கொடியின் கம்பியில் போய்ப் படுத்தது. கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தாவி அதைக் கவ்விக்கொண்டன. நுன்சியாத்தா பக்கத்தில் நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மால்ட்டாக்காரர் வானத்தைப் பார்த்தார். "இன்னிக்குப் போய்த் துவைச்சீங்களேம்மா, மத்தியானம் மழை வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மழை வந்தது. துணிகள் இறங்கி வீட்டுக்குள் ஓடின.

அந்த வீட்டுக்கு அதிசயம் வருவதற்கு முன்னால் வலி வந்திருந்தது. அதிசயத்தை எல்லாரும் நம்பினார்கள், வலியைத்தான் ஒருவரும் நம்பவில்லை. கடல் தாண்டிய கலாப்ரியா என்ற மலைநாட்டின் சரிவு ஒன்றிலிருந்து இந்தக் கங்காரு தேசத்துக்குக் கப்பலேறி வந்து, டொனாத்தோவைக் கட்டிக்கொண்டு, ஒரு கோழி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவள் நுன்சியாத்தா. குளிரூட்டிய கூடத்தில் நின்றபடி பெல்ட்டில் வரும் கோழித்தொடையை எடுக்க வேண்டும். கத்தியால் எலும்பைச் சுற்றி ஒரு வளைவு, ஒரு இழுப்பு. எலும்பு ஒரு தொட்டியில், கறி இன்னொன்றில். அதற்குள் அடுத்த தொடை வந்து நிற்கும். மூக்கைச் சொறிய நேரமில்லை என்பது அங்கே பேச்சுக்குச் சொல்வதல்ல. எதிரே நின்ற துருக்கிக்காரி குல்தென் மூக்கைத் தோளில் தேய்த்துத் தேய்த்து அவள் சட்டையே ஒரு பக்கம் வெளுத்துப்போயிருந்தது. சுவரில் பெல்ட்டின் வேகத்துக்கு ஒரு திருகு உண்டு. ஃபோர்மன் திங்கட்கிழமைதோறும் அதை யாருக்கும் தெரியாமல் ஒரு மயிரிழை கூட்டுவான். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

1983-ஆம் வருடம், இந்த ஊரின் குளிர்காலமான ஜூலையில் ஒரு காலை, காபிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கப் போனவளின் விரல்கள் மூடவே இல்லை. காபி தரையெல்லாம் ஓடியது. முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் சூடான கம்பியைக் கோத்து யாரோ இழுப்பதுபோல இருந்தது. அதன்பிறகு அவளால் பொத்தான் போட முடியவில்லை, சாவி திருப்ப முடியவில்லை, ரொட்டியைப் பிய்க்க முடியவில்லை. ஆலை டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவ்வளவு அழகான எலும்புகளைத் தான் கண்டதே இல்லை என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய டாக்டர் கையைத் தொடவே இல்லை. ஊர் ஞாபகம் வருகிறதா, கணவர் அன்பாக இருக்கிறாரா, அடிக்கடி அழுவீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டுவிட்டு, வலி கையில் இல்லை, மனசில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். இழப்பீடு கிடையாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வருடம் தட்டச்சுக்காரிகள், தையல்காரிகள் என்று ஊரில் பாதிப் பெண்களுக்கு இந்த வலி. வலி இல்லாத ஆண்கள் இதற்குக் 'கங்காருக் கை' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நுன்சியாத்தா தன் சாமான்களை எடுக்க ஆலைக்குப் போன அன்று, ஃபோர்மன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு கூடம் முழுக்கத் துள்ளிக் காட்டினான். சில பெண்களும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் மணிக்கட்டை வெந்நீரில் வைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் துணிகள் எழுந்தன. அடுத்து கரண்டி, பிறகு துடைப்பம், மாவுப்பலகை, இஸ்திரிப்பெட்டி. எல்லாம் அவள் வருடக்கணக்கில் கையாண்ட சாமான்கள். டொனாத்தோவின் தங்கை புதிதாக வாங்கித் தந்த மின்சாரக் கெட்டில் மட்டும் இடித்த புளி மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. பார்க்க வந்த குல்தெனுக்கு, தேநீர்க் கோப்பை தானாக வந்து எதிரில் இறங்கியதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

"பழகின சாமான்க்கா. இத்தனை வருஷம் தேய்ச்சுக் கழுவி வெச்சிருக்கே. அதுங்களுக்கு நன்றி இருக்காதா?"

"அந்தக் கத்தியையும்தான் தினம் தேய்ச்சுக் கழுவினேன்."

"அது கம்பெனிக் கத்தி. அதுக்கு ஏதுக்கா நன்றி?"

டொனாத்தோ நகரசபையில் ரோடு போடுகிறவன். மாலையில் வந்து உட்கார்ந்தால் தட்டு வரும், சூப் வரும். உப்பு ஜாடி பறந்து வரும்போது பத்திரிகையின் கால்பந்துப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஒதுக்கி வழிவிடுவான். நல்லவன்தான், மனைவியை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் டாக்டர்கள் என்றால் அவனுக்குக் கோயில் மாதிரி. ஒருநாள் அவன் வாய் நழுவியது.

"ரெண்டு டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்களே நுன்சியா. ரெண்டு பேருமா பொய் சொல்லுவாங்க?"

"அப்ப நான்தான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"சொல்லாமச் சொல்றியே. ஏய்யா, பாத்திரம் பறக்கறத நம்புவே, எனக்கு வலிக்கறத நம்ப மாட்டியா?"

"பாத்திரம் பறக்கறது கண்ணுக்குத் தெரியுதேடி."

அந்தப் பதில் அவள் கைவலியைவிட அதிகம் வலித்தது. வீட்டுக்கடன் இருந்தது, அவள் சம்பளம் நின்றிருந்தது, இழப்பீடு வந்தால்தான் வண்டி ஓடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் வழக்கில் தோற்றால் வெறும் பணம் போவதோடு முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் சொந்தச் சமையலறையில், சொந்தக் கணவனுக்கு எதிரில், சாகும்வரை அவள் பொய்க்காரியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

யூனியன் ஏற்பாடு செய்த வக்கீலம்மா வீட்டுக்கு வந்தாள். தேநீர்ப்பானை தானாகச் சாய்ந்து ஊற்றியதைப் பார்த்ததும் முதல் வேலையாக எழுந்து திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். "வீட்டு வேலை எல்லாம் நடக்குதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு ஒரு குறையும் இல்லன்னு அடிச்சுப் பேசிடுவாங்கம்மா. ஜூன்ல விசாரணை. அதுவரைக்கும் வெளியில எதையும் பறக்க விடாதீங்க." நுன்சியாத்தா சாமான்களைக் கூப்பிட்டுக் கண்டித்தாள். பாத்திரங்கள் அடங்கின. துணிகளுக்குத்தான் வெயில் பைத்தியம். குளியலறையில் காயப் போட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்றமடித்தன.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் பக்கத்துச் சந்தில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதன்மேல் குழாய் ரிப்பேர் என்று எழுதியிருந்தது. நாள் முழுவதும் வேலையில்லாமல் நிற்கிற குழாய்க்காரன் கோபர்க்கில் கிடையாது என்பதால், வந்திருப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள் என்று தெருவுக்கே அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. அவன் பெயர் கெல்வின் ப்ரூவெட். குள்ளமான வேலிக்கு அப்பால், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, வீடியோ கேமராவோடு உட்கார்ந்திருந்தான். நோயாளி என்று சொன்னவள் ஒரு வாளியைத் தூக்கினால் போதும், அவன் வேலை முடிந்தது. அவள் தூக்கவில்லை. ஒரு வாளி தானாகப் போனதை இரண்டு தடவை படம் பிடித்தான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று புரியாமல் விட்டுவிட்டான்.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, கோடை முடியும் நேரத்தில், தக்காளி நாள்; ஒரு வருடத்துக்கான சாற்றை அரைத்துப் பாட்டிலில் அடைத்துக் காய்ச்சி வைக்கும் நாள். அதைத் தள்ளிவைக்க எந்த வக்கீலாலும் முடியாது. தக்காளி பழுத்தால் பழுத்ததுதான். டொனாத்தோவின் உறவெல்லாம் வந்து இறங்கியது. பெட்டி பெட்டியாகத் தக்காளி கொல்லையில் அடுக்கப்பட்டது. வருடம் முழுக்கக் குடித்துக் கழுவி வைத்த பீர் பாட்டில்கள் வெயிலில் மின்னின. பெரிய இரும்புப் பீப்பாயின் அடியில் விறகு எரிந்தது. குல்தென் தன் கைக்குழந்தை செவ்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தக்காளி அரைக்கும் யந்திரத்தின் கைப்பிடியை வருடா வருடம் சுற்றியவள் நுன்சியாத்தா. அந்தக் கைப்பிடிக்கு வக்கீலம்மாவின் உத்தரவு தெரியாது. முதல் கூடைத் தக்காளி உள்ளே விழுந்ததும் அது கிறுகிறுவென்று தானே சுற்றத் தொடங்கியது. அதைப் பார்த்ததும் அடக்கி வைத்த சாமான்களுக்கெல்லாம் தைரியம் வந்துவிட்டது. அகப்பைகள் பறந்தன, புனல் பாட்டில் பாட்டிலாகத் தாவியது, பாட்டில்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வரிசையில் வந்து நின்றன. நுன்சியாத்தா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொள்ளக் கை வராமல், "அடங்குங்க, மானத்த வாங்காதீங்க" என்று கெஞ்சினாள். வேனுக்குள் கேமரா ஓடியது.

மத்தியானம் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டது. பாஸ்தா வெந்து, புதுத் தக்காளிச் சாறு ஊற்றி, நீளமேஜைக்கு வந்தது. யாரும் உட்காரவில்லை. எல்லார் கண்ணும் வேலிக்கு அப்பால் போய்ப் போய் வந்தது.

"அந்தாளு வேனுக்குள்ள வெந்துபோயிடுவான் போலிருக்கு" என்றான் டொனாத்தோ.

"வேகட்டும். யாரு வரச் சொன்னா?" என்றாள் குல்தென்.

நுன்சியாத்தா பெருமூச்சு விட்டாள். "போய்க் கூட்டிட்டு வாய்யா."

"அக்கா! புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? உன் சோத்துல மண்ணப் போட வந்தவனுக்கா சோறு போடறே?"

"தக்காளி நாள்ல என் வாசல்ல ஒருத்தன் பட்டினியா உக்காந்திருந்தா எனக்குத் தொண்டையில இறங்குமாடி?"

இப்படி ஒரு தப்பை அந்தத் தெருக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். டொனாத்தோ போய் வேன் கண்ணாடியைத் தட்டினான். கெல்வின் கண்ணாடியை இறக்கி, தான் குழாய்க்காரன் என்று ஆரம்பித்தான். "இருக்கட்டும்பா, குழாய்க்காரனுக்கும் வயிறு இருக்குல்ல. கேமராவையும் எடுத்துட்டு வா, வெயில்ல கிடந்தா வீணாப் போயிடும்" என்றான் டொனாத்தோ. கெல்வினுக்கு மறுக்கத் தெம்பில்லை. கேமராவைக் கவிழ்த்துப்போட்ட தக்காளிப் பெட்டிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். கரண்டி வந்து பரிமாறியது. கரண்டிக்கு நன்றி சொன்னான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி மறுபடியும் மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது இரண்டு பாட்டில் சாறும் கட்டிக் கொடுத்தார்கள்.

விஷயத்தைக் கேட்ட வக்கீலம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எதிரியக் கூப்பிட்டு விருந்து வெச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் மாதக் குளிரில் நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் விசாரணை நடந்தது. நீதிபதிக்குச் சளி பிடித்திருந்தது. கழுத்தில் கம்பளிப் பட்டி சுற்றியிருந்தார். ஒரு தள்ளுவண்டியில் டி.வி.யை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கம்பெனி வக்கீல் கெல்வின் எடுத்த வீடியோ நாடாவைப் போட்டுவிட்டுக் குச்சியால் சுட்டிக்காட்டினார். "பாருங்கய்யா. தக்காளி அரையுது, பாட்டில் நிரம்புது, எல்லாருக்கும் சாப்பாடு வருது. இந்தம்மாவுக்கு என்ன குறை?"

"எல்லாம் நடக்குது. இந்தம்மா கை எங்க இருக்கு?" என்றார் நீதிபதி.

"மடியிலங்க. ஆனா வேலை நடக்குதுங்களே!"

நீதிபதி மூக்கைச் சிந்திக்கொண்டார். "பல்லராட் ஊர்ல எங்க சித்தி வீட்டுத் தையல் மெஷினும் இப்படித்தான் தானா ஓடும். அதுக்காகச் சித்தியோட பென்ஷன யாரும் வெட்டல. பக்கத்து வீட்டுக்காரர் சமைச்சுக் குடுத்தா அது அவரு நல்ல மனசு. கரண்டி சமைச்சுக் குடுத்தா அது கரண்டியோட நல்ல மனசு. அத உங்க கம்பெனி கழிச்சுக்க முடியாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். கை வலிக்குதா, இல்லியா?"

அங்கேதான் கம்பெனி வக்கீலின் கை ஓங்கியது. எக்ஸ்ரேயை நீட்டினார், இரண்டு டாக்டர்களின் சான்றிதழையும் நீட்டினார். எதிலும் வலி இல்லை. நீதிபதி நுன்சியாத்தாவிடம் எப்படி வலிக்கிறது என்று கேட்டார். அவள் சூடான கம்பி என்றாள், மொழிபெயர்ப்பாளர் கம்பி என்றார். அந்த அறையில் அது வெறும் கம்பியாகத்தான் கேட்டது. "வலிக்குதுன்னா வலிக்குதுங்கய்யா, வேற என்ன சொல்றது?" என்று அவள் நிறுத்திவிட்டாள். பின்வரிசையில் டொனாத்தோ தொப்பியைத் திருகிக்கொண்டு, எக்ஸ்ரேயை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அதையும் அவள் கவனித்தாள். தோற்றுவிட்டோம் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது அப்போதுதான்.

கம்பெனி வக்கீல் டி.வி.யை அணைக்கப் போனார். "மீதி எங்க ஆளு சாப்பிடறதுதாங்க." சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது; நீதிபதிக்குப் பசி. "ஓடட்டும். என்ன சாப்பிட்டாருன்னு பாப்போம்" என்றார்.

பெட்டிமேல் வைத்த கேமரா அணைக்கப்படாமல் சாய்ந்தபடியே ஓடியிருந்தது. படத்தில் பாதி கெல்வினின் முழங்கை. மீதிப் பாதியில், பீப்பாய் பொங்குகிறது என்று யாரோ கத்த, குல்தென் எழுந்து, பீப்பாயைப் பார்த்தபடியே பழக்கத்தில் குழந்தையை நீட்டினாள். "அக்கா, ஒரு நிமிஷம் புடி." நுன்சியாத்தாவின் இரண்டு கைகளும் மடியிலிருந்து பாய்ந்து எழுந்தன, யோசிக்கும் முன்பே குழந்தையின் அக்குளுக்குக் கீழே போய்விட்டன. அங்கே அவள் முகம் கோணியது, உதடு வெளுத்தது. விரல்கள் விரிந்து, கைகள் இரண்டும் தாமாகக் கீழே விழுந்தன; நல்லவேளை, குல்தென் இன்னும் குழந்தையை விட்டிருக்கவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. உடனே ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, "என் மேலெல்லாம் தக்காளிடி, அந்தப் பக்கம் குடு" என்றாள். குழந்தை வேறு கைக்குப் போனது. அகப்பைகளும் புனல்களும் அந்தரத்தில் அப்படியே நின்றிருந்தன. குழந்தையைத் தூக்க அவற்றுக்குத் தெரியாது.

"திருப்பிப் போடுங்க" என்றார் நீதிபதி. திருப்பிப் போட்டார்கள். இன்னொரு தடவை கேட்டார். தட்டில் இருந்த பாஸ்தாவை யாரும் பார்க்கவில்லை. கெல்வினைக் கூப்பிட்டு, இதை எதற்குப் படம் பிடித்தாய் என்றார்.

"நான் புடிக்கலீங்கய்யா. அணைக்க மறந்துட்டேன். கையில தட்டு இருந்துச்சு."

"பாத்திருந்தா?"

கெல்வின் தன் காலணியைப் பார்த்தான். "அழிச்சிருப்பேங்கய்யா. அதுக்குத்தான் சம்பளம்."

பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீதிபதி நிமிர்ந்தார். "அவரு என்ன சொல்றாரு?"

மொழிபெயர்ப்பாளர் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லலீங்கய்யா. அழறாரு."

கை வலிக்கிறது, வேலையால்தான் வலிக்கிறது, கம்பெனி கொடுக்க வேண்டும் என்று நீதிபதி சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட்டுப் போனார். பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். குல்தென் உட்பட அந்த வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக மனுப் போட்டார்கள். ஆலைக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறவே, ஃபோர்மன் தன் கையாலேயே பெல்ட்டின் வேகத் திருகைக் குறைத்து வைத்தான். கெல்வின் வேலையை விட்டுவிட்டு உண்மையிலேயே குழாய் ரிப்பேர் கற்றுக்கொண்டான். தக்காளி நாளுக்குத் தவறாமல் வந்தான். அடுத்த கோடைக்குள் கோபர்க்கில் பல வீடுகளில் துணிகள் தாமாகக் கொடியேறின. டிராம் கம்பியில் போய்ச் சிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி நகரசபை கேட்டுக்கொண்டது.

தீர்ப்புச் சொன்ன அன்று, விசாரணை அறைக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் நுன்சியாத்தாவும் டொனாத்தோவும் வக்கீலம்மாவுக்காகக் காத்திருந்தார்கள். டொனாத்தோவின் மூக்கு சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியலடி."

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது" என்றான். அவள் கையை எடுத்துப் பிடிக்கப் போய், வலிக்குமே என்று பாதியில் நிறுத்திக்கொண்டான். வருடம் முழுவதும் யாரும் அவளுக்கு இவ்வளவு இதமாக எதையும் செய்யவில்லை.

தாழ்வாரத்தில் குளிர் அடித்தது. விசாரணைக்குக் குழந்தையோடு வந்து எதிர்ச்சுவரோரம் நின்றிருந்த குல்தென், பையிலிருந்து ஒரு மஞ்சள் கம்பளிப் போர்வையை எடுத்துச் செவ்கியைச் சுற்றினாள். அவள் வயிற்றில் குழந்தை இருந்தபோது நுன்சியாத்தா பின்னியது. கை விழுந்ததால் ஒரு மூலை முடியாமல் நூல் தொங்கும். கோடையில் யார் குழந்தைக்குக் கம்பளி போர்த்துகிறார்கள்? அதனால் அது அதுவரை அலமாரியிலேயே கிடந்தது. சுற்றி முடித்ததும் போர்வை குல்தெனின் கையிலிருந்து குழந்தையோடு எழுந்தது. தாழ்வாரத்தைக் கடந்து வந்தது. நுன்சியாத்தாவின் நெஞ்சில் சாய்ந்துகொண்டு, தன் கனத்தைத் தானே தாங்கியபடி நின்றது. அவள் கைகள் மடியிலேயே இருந்தன. செவ்கி அவள் காதுவளையத்தைப் பிடித்து இழுத்தது. நுன்சியாத்தா கண்ணை மூடிக்கொண்டு, அதன் தலையில் முகத்தைப் புதைத்து, வேண்டிய மட்டும் முகர்ந்துகொண்டாள்.

காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த கோர்ட்டுச் சிப்பந்தி அவர்களுக்கு எதிரில் நின்றான். "அம்மா, குழந்தையக் கொஞ்சம் சுவத்துப் பக்கமா மிதக்க விடுங்க. கதவு திறந்தா இடிச்சுக்கும்."

போர்வை சுவரோரம் நகர்ந்துகொண்டது. நுன்சியாத்தாவும் பெஞ்சில் அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். சிப்பந்தி அந்த வழியே போனான்.